ரெண்டும் ஒண்ணுதான்

மைக்செட்காரன் ஸ்மைலின் சவுண்டு போட்டால் குலசேகரம் வட்டாரத்தில் ஒருத்தரும் தூங்க முடியாது என்பது ஒரு காலத்தில் புகழாக இருந்தது. இப்போது அதுவே புகார். புகழ் எந்த வருடம் புகாரானது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியாத எதன்மேலும் கோபப்படுவது அவன் சுபாவம், இதன்மேலும் கோபப்பட்டான்.

அவன் தொழில் முறை ஊரறிந்தது. மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்பான். அந்த 'ஸ்' தனியாகத் தெறித்து வந்து காதில் விழுகிறவரை மிக்சரில் சன்ன ஒலியை ஏற்றுகிற ட்ரெபிள் குமிழைத் திருகுவான். விழுந்ததும் கையை எடுப்பான். சபைக் கூட்டமானாலும் அம்மன் கோவில் கொடையானாலும் அய்யாவழிப் பதியில் திருநாளானாலும் சோதனைக்கு அவனுக்கு அந்த ஒரே வார்த்தைதான். கோவில்காரர்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். தொடக்கத்தில் அந்தக் குமிழ் நடுவிலேயே நின்றது. பிறகு மெல்ல வலப்பக்கம் நகர்ந்தது. இப்போது கடைசி முட்டுவரை போகிறது, போயும் அந்த 'ஸ்' அரைமனதோடுதான் வருகிறது.

மைக் பழசாகிவிட்டது என்று மைக்கை மாற்றினான். ஸ்பீக்கர் பாக்சில் சன்ன ஒலிக்கான ட்வீட்டர் செத்துவிட்டது என்று ட்வீட்டரை மாற்றினான். வயரைக்கூட மாற்றினான். தலையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருக்கிற உறுப்புகளை மட்டும் அவன் சந்தேகிக்கவே இல்லை. சமையல்காரன் தன் நாக்கைச் சந்தேகிப்பானா என்ன?

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேசமணி அவனை ஆலயத்துக்கு வெளியே பலாமரத்தடிக்கு அழைத்துப் போனார். நேசமணிக்கு ரப்பர் ஷீட் வியாபாரம். சபைக்கு அவர்தான் செயலர்.

"ஸ்மைலினே, குற்றம் சொல்லுகேன்னு நெனைக்காத. ஆயர் ஐயா பிரசங்கத்துக்கு வாயைத் தொறந்தா காதுக்குள்ள ஊசி குத்துகது போல இருக்கு. பிள்ளைய எல்லாம் காதைப் பொத்திட்டு இருக்கு."

"பிள்ளையளுக்குப் பிரசங்கம் பிடிக்கல்லைன்னா அதுக்கும் சவுண்டுகாரனாக்கும் குற்றவாளி?"

"கோபப்படாத. கன்வென்ஷன் வருகு. மார்த்தாண்டத்துல ரிஜோன்னு ஒரு பய புது செட்டு எறக்கியிருக்கான். அவனைப் போடலாமான்னு கமிட்டியில பேச்சு நடக்கு. மறைச்சு வைக்காம உனக்கிட்ட சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

வருடத்துக்கு ஒரு முறை சபை மைதானத்தில் பந்தல் போட்டு நடக்கிற கூட்டம் அது. எவ்வளவு பெரிய பிரசங்கியார் வந்தாலும், பேச்சை நிறுத்தி, "பிரதர், கொஞ்சம் ஏத்துங்க" என்று மிக்சர் முன்னால் இருக்கிறவனைப் பார்த்துத்தான் கெஞ்ச வேண்டும். பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஸ்மைலினுக்கு இந்த ஊர் கொடுத்த மரியாதை முழுவதும் அந்த ஒரு நாற்காலியில்தான் இருந்தது. அதைத் தூக்கி எவனோ ஒரு ரிஜோவுக்குப் போடுவார்களாம்.

யார் கிளறிவிட்டிருப்பார்கள் என்று அவன் யோசிக்கவே இல்லை. நேரே மச்சினன் சுதனிடம் போய் நின்றது சந்தேகம்.

சுதன், ஸ்மைலினின் மனைவி ஷைஜாவுக்குத் தம்பி. பொறியியல் கல்லூரி ஒன்றில் பாடம் எடுக்கிறான், கூடவே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி. இரைச்சலில் கிடந்து வேலை செய்கிறவர்களின் காது எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்காக்குகிற வேலை. சத்தம் எவ்வளவு, நாளுக்கு எத்தனை மணிநேரம், எத்தனை வருடம் என்று கொடுத்தால், அந்தக் காதுக்கு இப்போது எது கேட்கும், எது கேட்காது என்று அவனுடைய மாடல் சொல்லிவிடுமாம். அதற்காக ரப்பர் ஆலை, கல் குவாரி என்று சத்தத்தை அளக்கிற மீட்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன், சொந்தத்தில் ஒரு கல்யாண வீட்டிலும் அதை எடுத்து, பாட்டு உச்சத்தில் இருந்த நேரம் ஸ்மைலினின் பாக்ஸ் முன்னால் நீட்டிவிட்டான். "அத்தான், இந்தக் கணக்குல போனா பந்தி முடியதுக்குள்ள பாதிப் பேருக்குக் காது அடைக்கும்" என்று பத்துப் பேர் கேட்கச் சொல்லவும் செய்தான். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். அன்றைக்குத் தொடங்கிய பகை.

சுதனும் லேசுப்பட்டவன் இல்லை. எதிரே இருக்கிறவன் பேசும்போதே விடைத்தாள் திருத்துகிற மாதிரி ஒரு சிரிப்பு அவன் உதட்டோரத்தில் நிற்கும். அந்தச் சிரிப்புக்கே நாலு அறை கொடுக்கலாம் என்று ஸ்மைலின் பலமுறை நினைத்ததுண்டு.

அந்த ஞாயிறு மாலையே சுதன் அக்காள் வீட்டுக்கு வந்திருந்தான். ஷைஜா மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறி வைத்திருந்தாள். உள்ளே வந்த ஸ்மைலின் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"கமிட்டிக்காரனுவளுக்கு ஓதிக் குடுத்தது நீதானேலே?"

"நான் யாருக்கும் ஓதல்ல அத்தான். வாலிபப் பிள்ளையளுக்கு ஒரு கிளாஸ் எடுன்னு ஐயா கேட்டாரு. சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி முடிஞ்ச பொறவு எடுக்கேன்."

"என்ன கிளாசு? ஸ்மைலினுக்குச் சவுண்டு போடத் தெரியாதுன்னா?"

"காதைப் பத்தி." சுதன் மரச்சீனியைக் கறியில் முக்கினான். அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. "காது ஒரு நாளுல போவாது அத்தான். படிப்படியாட்டு போவும். அதும் எல்லாச் சத்தமும் ஒண்ணா போவாது. சன்னமான ஒலிதான் மொதல்ல போவும். செண்டை கேக்கும், லாரி கேக்கும், இடி கேக்கும். ஆனா பேச்சுல உள்ள சன்னம் மட்டும் இருக்காது. அதனால போனவனுக்குப் போனதே தெரியாது. மத்தவங்க எல்லாரும் வாய்க்குள்ள பேசுகாங்கன்னு சண்டை போடுவான்."

கடைசி வரியை அவன் அக்காவைப் பார்த்துச் சொன்னான். அடுப்புப் பக்கம் திரும்பி நின்ற ஷைஜா என்னமோ சொன்னாள்.

"வாய்க்குள்ள முணுமுணுக்காதன்னு எத்தன தடவ சொல்லுகது? சொல்ல வந்ததை நேரச் சொல்லு!"

"ஒருக்கா ஆஸ்பத்திரியில போய்க் காட்டினா என்னன்னு கேட்டேன்!"

"எதுக்குக் கத்துக? நான் என்ன செவிடனா?"

இந்தச் சண்டை அந்த வீட்டுக்குப் புதிதில்லை. முதல் தடவை சொன்னால் முணுமுணுப்பு, இரண்டாம் தடவை சொன்னால் கத்தல். இரண்டுக்கும் நடுவில் ஷைஜா பேசுவதற்கு ஒரு குரலை அவன் விட்டுவைக்கவே இல்லை. சபைப் பாடகர் குழுவில் மேல்சுருதி பாடுகிறவள், வீட்டில் தேவைக்கு மட்டும் வாயைத் திறக்கப் பழகிக்கொண்டாள். அதற்குத் திமிர் என்று பெயர் வைத்திருந்தான் ஸ்மைலின். தன் வீட்டுக்காரி தன்னை மதிக்கவில்லை, படித்த தம்பி இருக்கிற கொழுப்பு என்று நண்பர்களிடம் குறைப்பட்டுக்கொள்ளவும் செய்தான். பாவம் அவள், யாரிடம் குறைப்படுவாள்?

"சரிலே," என்றான் ஸ்மைலின். "சனிக்கிழமை உனக்கு பாக்சும் மைக்கும் நானே கொண்டு வந்து போடுகேன். கமிட்டியும் இருக்கட்டும். உனக்க கணக்கு சரின்னு ஆச்சுன்னா நான் அந்த நாற்காலியை விட்டு எழும்பிப் போறேன். தப்புன்னு ஆச்சுன்னா நீ இந்த வாசலைச் சவுட்டக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்," என்று சுதன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். மீன் பாதி அப்படியே இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பாட்டுப் பயிற்சி முடிந்தும் பாடகர் குழு கலையவில்லை. வாலிபர் கூட்டமும் சேர்ந்து ஆலயத்தில் முன்பாதி பெஞ்சுகள் நிறைந்துவிட்டன. ஆயரும் நேசமணியும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். சொந்த மச்சினன் தன்னைத் தூக்கில் போடுவதற்குத் தானே கயிறு கட்டிக் கொடுக்கிற ஆள் மாதிரி ஸ்மைலின் பாக்சுகளை நிறுத்தி வயரை இழுத்தான். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சோதனை செய்தபோது முன்வரிசையில் தோள்கள் காதுவரை உயர்ந்தன. தன்னைக் கேலி செய்ய எல்லோரும் சேர்ந்து நடிக்கிறார்கள் என்று அவன் பல்லைக் கடித்தான்.

"அத்தான், ட்ரெபிளை நடுவுல வையுங்க. இல்லைன்னா நான் போடுகது சரியா வராது."

"நாளைக்கு ஆலயத்துக்க மணியையும் எப்படி அடிக்கணும்னு நீயே சொல்லு," என்று சொல்லிக்கொண்டே ஸ்மைலின் குமிழை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினான். தோள்கள் இறங்கின. அதை அவன் கவனிக்கவில்லை.

சுதன் லேப்டாப்பைத் திறந்து திரையில் ஒரு கோட்டைக் காட்டினான். இடப்பக்கம் மட்டமாகப் போன கோடு, வலப்பக்கம் திடீரென்று பள்ளத்தில் விழுந்தது. முதல் சில வருடங்களில் அந்தப் பள்ளம் வேகமாக ஆழமாகும் என்றும், பிறகு அகலமாகும் என்றும், ஒருமுறை விழுந்த பள்ளத்தைத் தூர்க்க இதுவரை மருந்தில்லை என்றும் சொன்னான். பிறகு கேட்டான்:

"போன வாரம் நம்ம பாடகர் குழு பாடினதை ரெக்கார்டு செய்து வச்சிருக்கேன். மொதல்ல அதை அப்படியே போடுகேன். ரெண்டாவது, வருஷக்கணக்கா பாக்ஸ் பக்கத்துலேயே நின்ன ஒரு காதுக்கு இதே பாட்டு எப்படிக் கேக்கும்னு எனக்க மாடல் சொல்லுகதோ, அதைப் போடுகேன். வித்தியாசத்தை நீங்களே பாருங்க."

முதல் பாட்டு ஓடியது. ஸ்மைலின் நாற்காலியில் முன்னால் குனிந்து, எதிரி வருகிற வழியைப் பார்த்துக் காத்திருப்பவன் மாதிரி கேட்டான். நிறுத்திவிட்டு இரண்டாவதைப் போட்டான் சுதன். அதே பாட்டு. அதே குரல்கள். ஸ்மைலின் காத்திருந்தான். ஒரு கரகரப்பு வரும், சத்தம் இறங்கும், ஏதாவது ஒன்று வரும் என்று காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. முதல் பாட்டு எப்படியோ அப்படியே இரண்டாவதும் வந்து அப்படியே முடிந்தது.

அந்த இரண்டாவது பாட்டு ஓடும்போது ஆலயத்தில் சில காரியங்கள் நடந்தன. பாடகர் குழுப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நேசமணி கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். ஆயரின் நெற்றி சுருங்கியது. ஷைஜா சட்டென்று தலையைத் தூக்கினாள். அவள் பாக்ஸைப் பார்க்கவில்லை, மிக்சர் முன்னால் இருந்த புருஷனைப் பார்த்தாள். எல்லாவற்றையும் ஸ்மைலின் பார்த்தான். படித்தவன் ஒன்று சொல்லிவிட்டால் இல்லாததையும் கேட்டதாகப் பாவனை செய்கிற கூட்டம் என்று நினைத்தான். அவனுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. மைக்கை எடுத்தான்.

"முடிஞ்சுதாலே உனக்க வித்தை? ஐயா, அண்ணே, எல்லாரும் கேட்டியளா? ரெண்டும் ஒண்ணுதான்! ஒரே பாட்டை ரெண்டு தடவ போட்டுட்டு மாடலாம், ஆராய்ச்சியாம்! இதுக்காக்கும் இவனுக்கு டாக்டர் பட்டம் குடுக்கப் போறாங்க!"

சொல்லிவிட்டுச் சிரித்தான். இரண்டு பாக்சுகளும் அந்தச் சிரிப்பை எடுத்து ஆலயம் முழுவதும் நிறைத்தன.

யாரும் கூடச் சிரிக்கவில்லை. ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நேசமணி தரையைப் பார்த்தார். வாலிபர்கள், எதற்கெடுத்தாலும் இளிக்கிற பயல்கள், அசையாமல் இருந்தார்கள். ஷைஜா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுதன் எழுந்து நின்றிருந்தான். இத்தனை வருடம் காத்திருந்த வெற்றி, தட்டில் வைத்து அவன் கைக்கு வந்துவிட்டது. "இதுதான் நான் சொன்னது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் லேப்டாப்பை ஒருமுறை பார்த்தான், அக்காவை ஒருமுறை பார்த்தான். உதட்டோரத்துச் சிரிப்பைக் காணவில்லை.

"ஆமா அத்தான்," என்றான் கடைசியில். "ஃபைல் மாறிப்போச்சு. ஒரே பாட்டைத்தான் ரெண்டு தடவ போட்டுட்டேன். தப்பு எனக்கதாக்கும்."

அவன்மேல் விழுந்து கடித்திருக்க வேண்டிய நேரம். ஆனால் ஸ்மைலினுக்கு என்னவோ இடறியது. கல்யாண வீட்டில் அடி விழும் நிலை வந்தபோதுகூடத் தன் மீட்டர் தப்பென்று ஒத்துக்கொள்ளாதவன் சுதன். தப்பு தன்னுடையது என்று அவன் வாயிலிருந்து வந்ததை யாரும் இதுவரை கேட்டதில்லை.

"திரும்பப் போடு," என்றான். "இந்தத் தடவ சரியாட்டுப் போடு."

சுதன் லேப்டாப்பின்மேல் குனிந்தான். பாட்டு ஓடியது, நின்றது. மறுபடி ஓடியது. ஸ்மைலின் இந்த முறை பாட்டைக் கேட்கவில்லை. முகங்களைப் பார்த்தான். பக்கத்தில் ஜெனரேட்டர் அலறும்போது, சவுண்டு சரியா என்று கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத்தான் அவன் முடிவு செய்வான். திருவிழாக்களில் அப்படிப் பழகிய கண். முதல் பாட்டுக்கும் இரண்டாம் பாட்டுக்கும் நடுவில் ஒரு முகம் மாறவில்லை. ஒரு புருவம் அசையவில்லை. நேசமணியின் கை மடியிலேயே கிடந்தது.

"இப்பமும் வித்தியாசம் வரல்ல," என்று சுதன் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்க மாடல்ல எங்கேயோ பிழை இருக்கு. அத்தான் சொன்னதுதான் சரி."

"அப்பம் சரி," என்று நேசமணி அவசரமாக எழுந்தார். குரல் உயர்ந்திருந்தது, எதிரே இருப்பவன் வயதாளி என்பது போல ஒவ்வொரு வார்த்தையாக உரக்கச் சொன்னார். "கன்வென்ஷனுக்கு ஸ்மைலினே இருக்கட்டும். ரிஜோவும் வேண்டாம் ஒருத்தனும் வேண்டாம். என்ன ஐயா?" ஆயர் தலையாட்டினார். எல்லோருக்கும் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

நாற்காலி கிடைத்துவிட்டது. ஸ்மைலின் அதில் உட்கார்ந்தபடியே இருந்தான். இப்போது இரண்டு தடவை போட்டதுதான் ஒரே பாட்டு. அப்படியென்றால் முதலில் போட்டது இரண்டும் ஒன்றில்லை. அந்த முகங்கள் நடிக்கவில்லை. ஆலயத்திலிருந்த அத்தனை பேருக்கும் கேட்ட ஒன்று, சவுண்டுகாரனுக்கு மட்டும் கேட்கவில்லை. மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அதை ஊருக்கே அறிவித்தவனும் அவன்தான்.

பயந்தான். நன்றாகவே பயந்தான். ஆனால் பயத்தை அவனுக்கு நெடுநேரம் வைத்திருக்கத் தெரியாது, அது உடனே கோபமாகிவிடும். சுதன் தன்மேல் இரக்கப்பட்டுவிட்டான்! எல்லோர் முன்னாலும் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பான். பதிலுக்குச் சண்டைக்குப் போயிருப்பான். இவன் பொய் சொல்லி, ஊரையும் பொய்க்குக் கூட்டுச் சேர்த்து, நாற்காலியைத் தர்மமாகப் போட்டுவிட்டுக் குனிந்து நிற்கிறான். இந்த நாற்காலியில் இனி உட்காருகிற ஒவ்வொரு நாளும் சுதன் போட்ட பிச்சையில்தான் உட்கார வேண்டும்.

"ஏலே சுதா," என்றான் மைக்கில். "எனக்குப் பிச்சை போடுகியாலே?"

எழுந்தவர்கள் நின்றார்கள்.

"ஒருத்தரும் போவண்டாம். இவன் பொய் சொல்லுகான். மொதல்ல போட்டது ரெண்டும் வேற வேற. இப்பம் போட்டதுதான் ஒண்ணு. உங்க மூஞ்சிய எல்லாம் நான் பாத்துட்டுதான் இருந்தேன், எனக்குக் கண்ணு நல்லா தெரியும்." மூச்சு வாங்கினான். "எனக்குக் கேக்கல்ல. ரெண்டும் ஒண்ணு போலத்தான் கேட்டுது. நாசமாப் போவான், இவனுக்க கணக்கு சரியாக்கும். அண்ணே, ரிஜோவையே வரச் சொல்லுங்க. சொன்ன சொல்லு நான் மாற மாட்டேன்."

"அத்தான்..." என்று சுதன் அருகே வந்தான். கண் கலங்கியிருந்தது.

"பக்கத்துல வராத. அடிச்சிருவேன்." ஸ்மைலின் நாற்காலியைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தான். "இனி பொய் சொன்னேன்னா வாசலுக்குள்ள ஏத்த மாட்டேன். உண்மையைச் சொல்லிச் சண்டை போடுகதுன்னா வா."

மிக்சரை அணைத்தான். வயரை உருவிச் சுற்ற ஆரம்பித்தான். ஆலயம் மெதுவாகக் காலியாயிற்று. யாரெல்லாமோ அருகே வந்து என்னமோ சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் தலையைத் தூக்கவில்லை, தூக்கியிருந்தாலும் பாதிதான் புரிந்திருக்கும் என்று இப்போது தெரிந்தது. சுற்றி முடித்து நிமிர்ந்தபோது ஷைஜா மட்டும் நின்றிருந்தாள், கையில் பாட்டுப் புத்தகத்தோடு.

அவளைப் பார்த்ததும் எல்லாக் கோபமும் ஒரு இடத்தில் வந்து சேர்ந்தது. ஊர் மறைக்கட்டும், மச்சினன் மறைக்கட்டும். கூடக் கிடக்கிறவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

"ஏட்டி, உனக்கு எப்பம் தெரியும்?"

அவள் இரண்டு அடி முன்னால் வந்து, அவன் முகத்துக்கு நேராக நின்றாள். கத்தவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக, உதடு தெரியச் சொன்னாள்.

"நான் முணுமுணுக்கேன்னு நீங்க மொதல்ல ஏசின நாளு மொதல்."

"பின்ன ஏன் எனக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல்ல?"

ஷைஜா பாட்டுப் புத்தகத்தை மிக்சர்மேல் வைத்தாள்.

"சொன்னேன்," என்றாள். "சொல்லிட்டேதான் இருந்தேன்."